சாக்பீஸைக் கையில் எடுக்கும் முன்: தான்சானியாவுக்குக் கணக்குச் சொல்லித்தரப் போகிறவர்களுக்கு

மே மாதம் லீவு இருக்கிறது, ஆறு வாரம் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்கள் விமான டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்னால் தான்சானியாவின் பள்ளி நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். அங்கே கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் வாக்கில் முடிகிறது. ஜூன் மாதத்தை ஒட்டி அரையாண்டு விடுமுறை. அதற்கு முந்தைய வாரங்கள் தேர்வும் திருத்தலுமாகப் போய்விடும். நம் கோடை விடுமுறையில் போகிறவருக்குக் கிடைப்பது வகுப்பே நடக்காத பள்ளிக்கூடம்தான்.

போவதென்றால் ஜனவரியில் போங்கள். குறைந்தது அரையாண்டு விடுமுறை வரைக்கும் இருங்கள். அவ்வளவு காலம் ஒதுக்க முடியாதவர்கள் போகாமல் இருப்பதே பள்ளிக்கு நல்லது. என் இந்தக் கருத்து பலருக்குப் பிடிக்காது. ஆனால் பிள்ளைகளின் பெயர் தெரியவே ஒரு மாதம் ஆகும். பெயர் தெரிந்து, யாருக்குப் பின்னம் வராது, யாருக்கு ஆங்கிலம் வராது என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கும்போது மூட்டை கட்டினால், அடுத்த வாரம் அந்த வகுப்பு மறுபடி பழைய ஆசிரியரிடம், பாடம் பாதியில் நின்ற நிலையில் போய்ச் சேரும். நாம் இருந்த சுவடு அவருக்குக் கூடுதல் வேலையாக மட்டும் மிஞ்சும்.

எந்த வகுப்பு வேண்டும் என்று கேட்டால் முதலாம் அல்லது இரண்டாம் படிவத்தைக் கேளுங்கள். அங்கே ஏழு வருடம் தொடக்கப்பள்ளி, அதன் பிறகு நான்கு வருடம் படிவம் ஒன்று முதல் நான்கு வரை, அதற்கு மேல் படிப்பவர்களுக்கு ஐந்தும் ஆறும் என்பது நெடுங்கால அமைப்பு. நான்காம் படிவத்தின் முடிவில், நவம்பரில், நாடு தழுவிய பொதுத்தேர்வு. நம் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு உள்ள அத்தனை பதற்றமும் அதற்கு உண்டு. புதிதாக வந்த விருந்தாளி அந்த வகுப்பில் கைவைக்கக் கூடாது.

யார் மூலமாகப் போவது

பணம் கட்டினால் பள்ளியும் தங்குமிடமும் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று சொல்கிற ஏஜென்சிகள் ஏராளம். எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. நான் கட்டுகிற பணத்தில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது? அந்தப் பள்ளியில் இப்போது கணக்கு ஆசிரியர் இருக்கிறாரா? எனக்கு முன்னால் போனவர் எந்தப் பாடம் வரை நடத்தினார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், பிள்ளைகள் ஆண்டுதோறும் ஒரே பாடத்தை வெவ்வேறு வெளிநாட்டுக்காரரிடம் முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அனாதை இல்லத்தில் பாடம் நடத்தலாம் என்று சொல்கிற ஏற்பாடுகள் பக்கம் போகவே வேண்டாம்.

பழைய அனுபவமுள்ள அமைப்புகளும் இருக்கின்றன. பிரிட்டனின் வி.எஸ்.ஓ., அமெரிக்காவின் பீஸ் கோர் இரண்டுமே 1960களின் தொடக்கத்திலிருந்து தான்சானியாவுக்கு ஆசிரியர்களை அனுப்பியவை. பீஸ் கோரில் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே இடம். அமெரிக்காவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு பக்கச் செய்தி: சென்னை ஐ.ஐ.டி. தன் முதல் வெளிநாட்டு வளாகத்தை 2023ல் ஸான்ஸிபார் தீவில் திறந்தது. தன்னார்வ வேலைக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்த ஊரில் நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் வீட்டிலுள்ள அம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதி.

அனுமதி விஷயத்தில் சாமர்த்தியம் காட்டாதீர்கள். சுற்றுலா விசாவில் போய் வகுப்பெடுப்பது அங்கே சட்டவிரோதம். இலவசமாகச் செய்தாலும் அப்படித்தான். தன்னார்வலர்களுக்கு ‘சி’ வகுப்புத் தங்கும் அனுமதி என்று ஒன்று உண்டு. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது உங்களை அழைக்கும் நிறுவனம். வேலை அனுமதியும் தேவைப்படுமா என்பதையும் அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘முதலில் வாருங்கள், வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்கிற நிறுவனத்தை அந்த ஒரு காரணத்துக்காகவே விட்டுவிடலாம். இங்கிருந்து கொண்டுபோக வேண்டியவை: பட்டச் சான்றிதழின் சான்றொப்பமிட்ட நகல்கள், பாஸ்போர்ட் சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கும் காவல் துறைச் சான்று, கணிசமான எண்ணிக்கையில் பாஸ்போர்ட் அளவு போட்டோ. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இரண்டு போட்டோ கேட்பார்கள்.

வினாத்தாளிலிருந்து தொடங்குங்கள்

தயாரிப்பில் பெரும்பகுதி நேரத்தை எதற்குச் செலவிடுவது என்று கேட்டால், அந்த நாட்டுப் பழைய வினாத்தாள்களுக்கு என்பேன். தேசியத் தேர்வுக் குழுவை அங்கே எல்லோரும் ‘நெக்டா’ என்பார்கள். அதன் அடிப்படைக் கணிதத் தாள் நூறு மதிப்பெண், மூன்று மணி நேரம். முப்பது எடுத்தால் தேர்ச்சி. அப்படியும் 2019 முதல் 2022 வரை ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தாளில் தேறியவர்கள் ஏறக்குறைய 20 சதவீதம்தான். ஐந்து பேரில் நான்கு பேர் முப்பதைத் தொடவில்லை. உங்கள் வகுப்பில் எண்பது பேர் உட்கார்ந்திருந்தால் இந்தக் கணக்கு என்ன சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இதைப் படித்ததும் சிலருக்குக் கை பரபரக்கும்: ஒலிம்பியாட் புதிர், வேத கணிதம், விரல் வித்தை என்று எதையாவது கொண்டுபோய் அசத்திவிடலாம் என்று. வேண்டாம். பன்னிரண்டு மதிப்பெண் எடுக்கும் பிள்ளையை முப்பதுக்கு ஏற்றுவதுதான் அங்கே தேவைப்படும் வேலை. அதில் அசத்துவதற்கு ஒன்றும் இல்லை. பின்னம், சதவீதம், கணங்கள், புள்ளியியல், கணக்குப் பதிவு ஆகிய பகுதிகளை உறுதியாகப் பிடித்தால் அந்த முப்பது வந்துவிடும்.

கணக்குப் பதிவு என்றதும் ஆச்சரியப்பட வேண்டாம். மூன்றாம் படிவக் கணிதத்தில் பேரேடு, இருப்பாய்வு, லாப நட்டக் கணக்கு எல்லாம் வரும். நாம் பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் பிரிவில் படித்த சமாச்சாரம். பொறியியல் படித்த தன்னார்வலர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். கிளம்புமுன் வணிகவியல் படித்த நண்பர் ஒருவரைப் பிடித்து இரண்டு மாலை உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மடக்கை அட்டவணை. இந்தத் தாளில் கால்குலேட்டர் அனுமதிக்காமல், நெக்டாவின் கணித அட்டவணையை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பதே நெடுங்கால வழக்கம். நம் ஊரில் லாக் டேபிளைப் புரட்டிய தலைமுறைக்கு இது பழைய சைக்கிள் மாதிரி, ஏறினால் ஓடும். இருபத்தைந்து வயதுக்காரர்கள் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அட்டவணையைப் படிப்பது அரை மணி நேரத்தில் வந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 0.347ன் வர்க்கமூலம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் மடக்கை பார் 1.5403. அதாவது முழு எண் பகுதி −1, தசமப் பகுதி 0.5403. வர்க்கமூலத்துக்கு இதை இரண்டால் வகுக்க வேண்டும். −1ஐ இரண்டால் வகுத்தால் அரை வந்து இடிக்கும். பிள்ளைகள் இங்கே என்ன செய்வார்கள் தெரியுமா? பாரைத் தூக்கிவிட்டு 1.5403ஐ வகுப்பார்கள், அல்லது பாரை மட்டும் தனியாக விட்டுவிடுவார்கள். சரியான வழி, −1ஐ −2 என்று ஆக்கி, கூடுதலாக எடுத்த ஒன்றை மறுபக்கம் கொடுத்து, −2 + 1.5403 என்று எழுதுவது. இப்போது இரண்டால் வகுத்தால் −1 + 0.7702. எதிர்மடக்கை பார்த்தால் விடை 0.589. ‘ஏன் சார் ஒன்றைக் கடன் வாங்கினோம்?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், கழித்தலில் பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கியதை நினைவூட்டி விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு வீட்டில் ஒரு கரும்பலகை முன் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனசுக்குள் புரிந்தது வாயில் வருகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

மூன்றாவது, ‘பூமி ஒரு கோளமாக’ என்ற பாடம். அட்சரேகை, தீர்க்கரேகை வைத்து ஊர்களுக்கு இடையே தூரம் காண்பது. டாங்கா நகரத்தை 5 டிகிரி தெற்கு என்றும் தார் எஸ் சலாமை 7 டிகிரி தெற்கு என்றும், இரண்டையும் ஒரே 39 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் என்றும் வைத்துக்கொண்டால், இடைவெளி 2 டிகிரி. ஆரம் 6,370 கிலோமீட்டர், பை 3.14 என்று போட்டால் தூரம் 222 கிலோமீட்டர். பேருந்தில் போய்வந்த பிள்ளை கையைத் தூக்கி, இது குறைவாக இருக்கிறதே என்று சொல்லும். சாலை வளைந்து போகிறது, நாம் அளந்தது பூமியின் மேல் நேராகப் பிடித்த நூலை. அந்தச் சந்தேகம் வகுப்பில் எழுந்தால் அன்றைய பாடம் வெற்றி.

இந்தப் பாடத்தைக் கொண்டே உங்களை அறிமுகம் செய்துகொள்ளலாம். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியது. கிழக்கு ஆப்பிரிக்க நேரம் 45 டிகிரியை. வித்தியாசம் 37.5. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்றால் 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம். ‘இப்போது என் அம்மா வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார், கண்டுபிடியுங்கள்’ என்று மூன்றாம் படிவத்தில் கேளுங்கள். நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்ற பேச்சும் கணக்கும் ஒன்றாக முடிந்துவிடும்.

பாடத்திட்டம் 2023ல் திருத்தப்பட்டு, புதியது படிப்படியாக வகுப்புகளுக்கு வருகிறது. ஆகவே பழைய புத்தகத்தை இணையத்தில் இறக்கி வைத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். எந்த வகுப்புக்கு எந்தப் புத்தகம் என்று பள்ளியிடம் கேட்டுவிட்டு, தான்சானியக் கல்வி நிறுவனம் வெளியிட்ட பதிப்பையே படியுங்கள்.

வாயில் வரும் ஆங்கிலம்

தொடக்கப்பள்ளி ஏழு வருடமும் அரசுப் பள்ளிகளில் சுவாஹிலி வழி. முதலாம் படிவத்தில் காலடி வைத்த அன்றிலிருந்து எல்லாம் ஆங்கிலம். வீட்டில் சுகுமா, சாகா, ஹேஹே என்று வேறொரு தாய்மொழி பேசும் பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் பொறியியல் கல்லூரியில் முதல் வாரம் உட்கார்ந்தவர்களுக்கு இது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அவர்கள்தான் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவர்கள் என்பது என் எண்ணம்.

நம் ஆங்கிலத்திலேயே சில கண்ணிகள் இருக்கின்றன. மூன்றை நான்கால் பெருக்கு என்பதற்கு நாம் ‘த்ரீ இன்டு ஃபோர்’ என்போம். இந்தியாவுக்கு வெளியே ‘இன்டு’ என்றால் வகுத்தல்: ‘த்ரீ இன்டு ட்வெல்வ்’ என்றால் பன்னிரண்டில் மூன்று எத்தனை தடவை போகும் என்று அர்த்தம். ஒரே சொல், எதிரெதிர் செயல். அங்கே ‘டைம்ஸ்’ என்றே சொல்லுங்கள். அதேபோல ‘ஏ அப்பான் பி’ வேண்டாம், ‘ஏ ஓவர் பி’. ‘ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர்’ என்பதும் நம்மூர் வழக்கு. இந்த மூன்றையும் நாக்கிலிருந்து எடுக்கக் குறைந்தது இரண்டு வாரப் பழக்கம் தேவை. வீட்டில் யாரையாவது உட்காரவைத்துப் பாடம் நடத்தி, ஒவ்வொரு ‘இன்டு’வுக்கும் ஒரு ரூபாய் அபராதம் போடச் சொல்லுங்கள்.

வாக்கியக் கணக்குகளில் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் கணக்கில் இல்லை. நான்காம் படிவத்தில் நேரியல் திட்டமிடல் வருகிறது. ‘அட் லீஸ்ட் இருபது மூட்டை’ என்று இருந்தால், ‘லீஸ்ட்’ என்ற சொல்லில் சிறியது என்ற வாசனை அடிப்பதால், இருபதும் அதற்குக் குறைவும் என்று எழுதிவிடுவார்கள். ‘நாட் மோர் தேன்’ என்பதில் ‘மோர்’ மட்டும் காதில் விழும். இப்படிப்பட்ட ஒரு டஜன் தொடர்களைச் சுவாஹிலிப் பொருளோடு பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினால் அதுவே பெரிய உதவி. சுவாஹிலிப் பொருளை நீங்களாக அகராதியில் தேடாதீர்கள். சக ஆசிரியரைக் கேளுங்கள். கேட்பதால் உங்களுக்குள் ஒரு பேச்சும் தொடங்கும்.

சுவாஹிலி எவ்வளவு வேண்டும்? ஒன்று முதல் பத்து வரை எண்கள் கட்டாயம்: மோஜா, ம்பிலி, டாட்டு, ன்னே, டானோ, சிட்டா, சாபா, னானே, டிசா, கூமி. செய்கைகள் நான்கு: ஜும்லிஷா என்றால் கூட்டு, டோவா கழி, ஸிடிஷா பெருக்கு, கவான்யா வகு. பெரியவர்களைப் பார்த்தால் ‘ஷிகமோ’ என்று வணங்க வேண்டும், பதில் ‘மராஹபா’. பிள்ளைகள் உங்களுக்கு ஷிகமோ சொல்வார்கள். தலைமையாசிரியருக்கும் சமையல்கார அம்மாவுக்கும் நீங்கள் சொல்லுங்கள். ஆசிரியரை ‘முவாலிமு’ என்பார்கள். நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரேவை இன்றும் அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள்; அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பணத்தில் ஒரு சௌகரியம்: லட்சத்துக்கு அங்கேயும் ‘லாகி’ என்றே பெயர். கோடிதான் இல்லை, அதற்கு மேலே மில்லியன்.

நேரத்தில் மட்டும் கவனம். சுவாஹிலிக் கடிகாரம் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறது. காலை ஏழு மணி என்பது அவர்களுக்கு ஒன்று, எட்டு மணி இரண்டு. நாழிகை எண்ணிய நம் தாத்தாக்களுக்கு இது உடனே பிடிபட்டிருக்கும். ஒருவர் உங்களிடம் ஆங்கிலத்தில் ‘இரண்டு மணிக்கு மீட்டிங்’ என்று சொன்னால், காலையா மதியமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மதியம் இரண்டு மணிக்குப் போய் நின்றால் மீட்டிங் தொடங்கி ஆறு மணி நேரம் ஆகியிருக்கலாம்.

எண்பது பேர், ஒரு கம்பு, தகரக் கூரை

2016 ஜனவரி முதல் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நான்காம் படிவம் வரை கட்டணம் இல்லை. பிள்ளைகள் திரளாக வந்தார்கள். கட்டடமும் ஆசிரியரும் அதே வேகத்தில் வரவில்லை. எண்பது, நூறு பேர் உள்ள வகுப்பு கிராமப்புறத்தில் சாதாரணம். இங்கே டியூஷன் சென்டரில் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் போதாது. கிளம்புமுன் பக்கத்து அரசுப் பள்ளியில் அனுமதி வாங்கி, பெரிய வகுப்பில் சில நாள் நின்று பாருங்கள். கடைசி வரிசைக்குத் தெரியும்படி கரும்பலகையில் எழுதுவது, தொண்டை கட்டாமல் பேசுவது, எழுதும்போது பக்கவாட்டில் நின்று எழுதுவது ஆகிய மூன்றும் வந்தால் போதும்.

‘புரிகிறதா?’ என்று கேட்காதீர்கள். நூறு குரலும் சேர்ந்து ‘யெஸ்’ என்று சொல்லும். அது மரியாதை. அதற்குப் பதில் ஒரு சிறு கணக்குப் போட்டு, விடையை நோட்டின் பின்பக்கம் பெரிதாக எழுதி ஒரே சமயத்தில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முக்கால் கூட்டல் அரை எவ்வளவு என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். ஆறில் நான்கு என்று எத்தனை நோட்டு எழும்புகிறது என்று பார்த்தால், மேலும் கீழும் தனித்தனியாகக் கூட்டியவர்கள் யார் யார் என்று தெரிந்துவிடும். அடுத்த மாதம் எங்கே தொடங்குவது என்பதும்.

பிள்ளைகள் கேள்வி கேட்காதது பற்றி எல்லாத் தன்னார்வலர்களும் புலம்புவார்கள். இதே நாட்டின் பையன் ஒருவன் கேட்ட கேள்வி உலகம் முழுக்கப் போயிருக்கிறது. 1963ல் மகம்பா உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் படித்த எராஸ்டோ ம்பெம்பா, ஐஸ்கிரீம் செய்யும்போது சூடான பாலை அப்படியே உறையவைத்தார். ஆறவைத்து உள்ளே வைத்தவர்களுடையதற்கு முன்னால் அவருடையது உறைந்தது. ஏன் என்று கேட்டதற்கு ஆசிரியர் ஏளனம் செய்தார், வகுப்பும் சிரித்தது. பிறகு இரிங்காவில் மேல்படிப்பு படிக்கும்போது, சொற்பொழிவாற்ற வந்த இயற்பியல் பேராசிரியர் டெனிஸ் ஆஸ்போர்னிடம் அதே கேள்வியைக் கேட்டார். ஆஸ்போர்ன் சோதித்துப் பார்க்கச் செய்தார். 1969ல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். அந்த விளைவு உண்மையா, எப்போது நிகழும் என்று இயற்பியலாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், அது வேறு விஷயம். இந்தக் கதையை வகுப்பில் சொல்லுங்கள். ஆனால் யாராவது தப்பாகக் கேட்டால் சிரிக்காமல் இருப்பதுதான் கதையைவிட வேலை செய்யும்.

கம்பு பற்றி முன்கூட்டியே முடிவெடுத்துக்கொண்டு போங்கள். இந்தியாவில் 2009ன் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதைத் தடைசெய்திருக்கிறது. தான்சானியாவில் 2002ன் விதிகள்படி தலைமையாசிரியரோ அவர் அனுமதித்தவரோ நான்கு அடி வரை கொடுக்கலாம். நடைமுறையில் பல ஆசிரியர்கள் கையிலும் கம்பைப் பார்ப்பீர்கள். சேர்ந்த அன்றே தலைமையாசிரியரிடம், நான் அடிக்க மாட்டேன், தண்டனைக்காக யாரையும் வேறு ஆசிரியரிடம் அனுப்பவும் மாட்டேன் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது பாதி முக்கியம். அனுப்பிவைத்தால் அடித்தது நீங்கள்தான். ஆசிரியர் அறையில் மற்றவர்களுக்கு இதுபற்றி உபதேசம் செய்யப் போகாதீர்கள். ஒரு நாளைக்கு ஏழு பாடவேளை எடுப்பவருக்கு, அரை வருடத்தில் கிளம்பிப் போகிறவர் சொல்லும் அறிவுரை இனிக்காது.

மழைக்காலம் மார்ச் முதல் மே வரை. தகரக் கூரையில் மழை இறங்கினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அந்த நேரத்துக்கென்று பேச்சே தேவைப்படாத பாடங்களை எழுதி வைத்திருங்கள்: வரைபடத்தாளில் புள்ளிகள் குறித்தல், கோணமானியால் அளத்தல், பலகையில் எழுதிய பத்துக் கணக்கை இருவர் இருவராகப் போடுதல்.

உடம்பும் பெட்டியும்

மலேரியாவை நம்மூர் மலேரியா மாதிரி நினைக்காதீர்கள். சென்னையில் பெரும்பாலும் வருவது விவாக்ஸ். அங்கே ஃபால்சிபாரம், கவனிக்காவிட்டால் சில நாளில் உயிருக்கே உலை வைக்கும். தடுப்பு மாத்திரைகளில் டாக்சிசைக்ளினைத் திரும்பி வந்தபிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். அட்டோவாகுவோன்-புரோகுவனில் என்றால் ஏழு நாள். மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். மாத்திரை போட்டாலும் கொசுவலை வேண்டும். காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. ஊர் திரும்பிச் சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன் என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். அதன் பிறகு ஆயுள் முழுக்க. அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போய்வருகிறவர்கள் அங்கே நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தால் தான்சானியாவில் கேட்பார்கள். மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். யோசிக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, நம்மவர்கள் கேள்விப்படாதது: விக்டோரியா ஏரி போன்ற நன்னீர் நிலைகளில் இறங்கிக் குளிக்காதீர்கள். நத்தை வழியாகப் பரவும் ஒரு புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். தாமிரபரணியில் குதித்த பழக்கம் அங்கே ஆகாது.

பெட்டியில் கடைக்காரர் கொடுத்த கேரி பேக் ஒன்றுகூட இருக்கக் கூடாது. 2019 ஜூன் முதல் தான்சானியாவில் அவற்றுக்குத் தடை. ஊறுகாயையும் பொடியையும் துணிப்பையில் கட்டுங்கள். மின்சாரம் 230 வோல்ட்தான், ஆனால் சுவரில் பெரும்பாலும் சதுரக் கால் பிளக். சாப்பாட்டுக்குச் சைவர்கள் பயப்பட வேண்டாம். பள்ளியில் மக்காச்சோளக் களியும் அவரை வகைக் குழம்பும் இருக்கும், சந்தையில் தண்டுக்கீரை கிடைக்கும், சப்பாத்திக்குப் பெயரே சப்பாத்தி.

பாடப் பொருள்களில் பெரிய மர காம்பஸும் பெரிய கோணமானியும் எடுத்துப் போங்கள். ஜியாமெட்ரி பாக்ஸ் நூறு வாங்கிப் போய்க் கொடுப்பது வேண்டாம். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள், அவர்களுக்கு என்ன சொல்வீர்கள்? பல்லாங்குழிப் பலகை ஒன்றைத் தாராளமாக எடுத்துப் போகலாம். அங்கே ‘பாவோ’ என்று ஓர் ஆட்டம் உண்டு: வரிசைக்கு எட்டாக நான்கு வரிசைக் குழிகள், அறுபத்து நான்கு காய்கள். நம் பதினான்கு குழியைப் பார்த்துச் சிரிப்பார்கள். விளையாடிப் பார்த்தால் மாலை நேரக் கணக்கு மன்றம் தானாகக் கூடும். காய்க்குப் புளியங்கொட்டை கொண்டுபோய்ச் சுங்கத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். கூழாங்கல் எல்லா ஊரிலும் உண்டு.

பிள்ளைகளைப் போட்டோ எடுத்து வலைத்தளங்களில் போடுவது பற்றி ஒரே வரி: பள்ளியின் எழுத்து அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள். மாணவர்கள் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது என்பது அங்கே விதி. ஆகவே ‘வீட்டில் யூடியூப் பாருங்கள்’ என்கிற பாடத்திட்டமும் செல்லாது.

முதல் வாரம்

போய்ச் சேர்ந்ததும் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் உங்களை அறிமுகம் செய்ய ஆள் வருவார்கள். அங்கே பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது சம்பிரதாயம். எந்த அலுவலகத்திலும் அதைத் தவறவிடாதீர்கள். அதன் பிறகு ஒரு வாரம் வகுப்பெடுக்காதீர்கள். கணக்கு ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். அவர் எப்போது ஆங்கிலத்திலிருந்து சுவாஹிலிக்குத் தாவுகிறார், எந்த இடத்தில் வகுப்பு சேர்ந்து பதில் சொல்கிறது, எந்த இடத்தில் மௌனமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் திருத்த வேண்டிய நோட்டுகளில் பாதியை வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டுத் திருத்தினால் இரண்டு பலன்: அவருக்குச் சுமை குறையும், உங்களுக்குப் பிள்ளைகளின் தவறுகள் தெரியும்.

இரண்டாம் வாரம் பாடவேளையைப் பங்கு போடும்போது தனி வகுப்பு கேட்காமல், ஒரே வகுப்பை இருவரும் சேர்ந்து நடத்தலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் பலகையில், ஒருவர் வரிசைகளுக்கு நடுவே. ஆள் பற்றாக்குறையில் தலைமையாசிரியர் மறுக்கலாம். வாரத்தில் இரண்டு பாடவேளையாவது அப்படி அமைந்தால் சரி. மீதி வேளைகளில் நடத்தியதையெல்லாம் தேதி, பாடம், கொடுத்த கணக்குகள், பிள்ளைகள் இடறிய இடம் என்று ஒரு நீள நோட்டில் எழுதி, ஆசிரியர் அறையிலேயே அவர் மேஜைமீது வையுங்கள். ஜூனில் நீங்கள் கிளம்பியபின் ஜூலையில் அவர் அதே வகுப்புக்குள் நுழையும்போது அந்த நோட்டு அவர் கையில் இருக்க வேண்டும்.